பாம்பின் பெயரை எழுதிய முயல்

நீர்மருதங்காட்டுக் குளக்கரையில் ஆமை ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. காட்டுக் குட்டிகள் எல்லாம் அங்கேதான் படித்தன.

அந்தப் பள்ளிக்கூடம் சும்மா வந்துவிடவில்லை. ஓர் உயிரை வாங்கிக்கொண்டுதான் வந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடை வற்றியது. சுனை வற்றியது. குளத்தில் மட்டும் நடுவில் கொஞ்சம் தண்ணீர். விடிந்தால் போதும், காட்டு மிருகம் அத்தனையும் ஒரே துறையில் வந்து விழும். இடி! தள்ளு! மிதி! ஒரு நாள் அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு தாய்முயல் காலடியில் சிக்கிச் செத்துப்போனது. மிதித்தது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் பெரியவர்களுக்குப் புத்தி வந்தது.

"நாம கெட்டது கெட்டோம். குட்டிகளுக்காவது நாலு நல்லது சொல்லிக் குடுப்போம்!" என்றது ஒரு காட்டெருமை.

அப்படித்தான் ஆமை வாத்தியார் வந்தார். மூன்றே மூன்று பாடம் நடத்தினார்.

"துறையில் வரிசையாக நில்! பார்த்ததைப் பார்த்தபடி சொல்! ஆபத்தைக் கண்டால் ஊரைக் கூப்பிடு!"

குட்டிகள் தொண்டை கிழியக் கத்திப் படித்தன. அக்கரை வரைக்கும் கேட்டது. துறையில் தள்ளுமுள்ளு குறைந்தது. குட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பெரியவர்களும் வெட்கப்பட்டு வரிசையில் நின்றார்கள். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. கெட்டுப்போன எதுவும் நல்லபடியாகத்தான் ஆரம்பித்திருக்கும்.

செத்துப்போன தாய்முயலின் மகள் துவரியும் அங்கே படித்தாள். அவள் வாலைப் பிடித்துக்கொண்டு தம்பி மொச்சையும் வந்து உட்கார்ந்தான். அம்மா போன பிறகு அவனுக்கு அம்மா, அப்பா, சோறு, தண்ணீர் எல்லாமே அவள்தான். அவனை எப்படியாவது இந்தக் கோடையைத் தாண்டிக் கொண்டுபோய்விட வேண்டும். அவள் மனசில் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்காக அவள் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். பெருச்சாளிக்கு வளை தோண்டிக் கொடுத்து ஒரு கிழங்கு வாங்குவாள். "அரைக் கிழங்குதான்" என்று அது கையை விரித்தால், தோண்டிய மண்ணை மறுபடி வளைக்குள்ளேயே தள்ள ஆரம்பிப்பாள். முழுக் கிழங்கு வந்துவிடும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர அவள் என்ன கொக்கா?

இப்படி இருக்கையில் ஒரு நாள் வாத்தியார் காதில் ஒரு செய்தி விழுந்தது. காட்டிலுள்ள பள்ளிக்கூடங்களை எல்லாம் முள்ளம்பன்றி இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறாராம். உள்ளே வரமாட்டாராம். புதருக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்பாராம். எங்கே சத்தமே இல்லையோ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல் பரிசாம். ஆலமரத்தடிச் சேற்றுக்குழி கோடை முழுக்க அந்த வாத்தியாருக்கே சொந்தமாம்!

ஜில்லென்ற சேறு! ஆமைக்கு ஓட்டுக்குள் இருந்த உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

மறுநாளே பாடம் மாறியது.

"இனிமே எல்லாரும் கையைக் கட்டணும்! வாயைப் பொத்தணும்! தலையைக் கவுத்துக் கண்ணை மூடிக்கணும்! அதுதான் ஒழுக்கம்!"

"சார், அப்ப மூணு பாடம்?" என்று கேட்டது ஓர் அணில் குட்டி.

"அதை மனசுக்குள்ள படி!"

குட்டிகள் அடங்குமா? வாத்தியார் கண் அயர்ந்தால் சலசலப்பு. கண் திறந்தால் கப்சிப். வாத்தியார் யோசித்தார். சத்தத்தை அடக்க ஒரு லீடர் வேண்டும். அவர் கண் துவரி மேல் விழுந்தது.

"துவரி, நீதான் லீடர். இந்தா கரித்துண்டு. பேசினவன் பேரை அந்தப் பாறையில எழுது. திரும்பப் பேசினா பேருக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போடு. பேர் இருக்கிறவன் சாயங்காலம் வரைக்கும் வெயில் பாறையில முட்டி போடணும்."

"எனக்கு என்ன கிடைக்கும் சார்?"

"நல்ல பேர் கிடைக்கும்!"

"நல்ல பேரைக் குடிச்சா தாகம் தீருமா சார்?"

வாத்தியார் கழுத்தை உள்ளே இழுத்து வெளியே நீட்டினார். "சரி, உனக்கு என்ன வேணும்?"

"துறையில முதல் தண்ணி எனக்கும் என் தம்பிக்கும். வரிசையில நிக்க மாட்டோம்."

"வரிசைதானேம்மா முதல் பாடம்?"

"அது மனசுக்குள்ள படிக்கிற பாடம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

பேரம் முடிந்தது. அம்மா மிதிபட்டுச் செத்த அதே துறையில், மறுநாள் காலை, துவரி எல்லாரையும் தாண்டிப் போய்த் தம்பியைத் தண்ணீரில் இறக்கினாள். வரிசையில் நின்ற மான்குட்டி நாக்கை நக்கிக்கொண்டு பார்த்தது. துவரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கரித்துண்டு கைக்கு வந்த இரண்டாம் நாளே அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். எழுதிய பெயரை அழிக்கலாமே!

"துவரிக்கா, என் பேரை அழிச்சிடேன். முட்டி வலிக்குது" என்று கெஞ்சியது அணில் குட்டி.

"என்ன தருவ?"

"ஒரு எலந்தைப்பழம்."

"ஒரு எலந்தைப்பழத்துக்கு ஒரு எழுத்தைத்தான் அழிக்க முடியும். உன் பேருல எத்தனை எழுத்துன்னு எண்ணிப் பாரு!"

"அநியாயம் அக்கா!"

"அப்ப போய் முட்டி போடு. வெயில் நல்லா ஏறட்டும்!"

பழம் வந்தது. வேர் வந்தது. ஈரக் கோரைத்தண்டு வந்தது. எல்லாம் மொச்சை வாய்க்குள் போயிற்று. மற்றக் குட்டிகளின் விலா எலும்பை எண்ணலாம். மொச்சை மட்டும் கன்னம் உப்பிக் கொழுகொழு என்று ஆனான்.

"அக்கா, இது தப்பில்லையா?" என்று மென்றுகொண்டே கேட்டான் மொச்சை.

"தின்னுட்டுப் பேசாதே. தப்பு, சரியெல்லாம் வயிறு நிறைஞ்சவன் பேசுறது!"

"எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சே?"

"அப்ப வாயைப் பொத்தித் தலையைக் கவுத்துக்க! நீ லீடர் தம்பி. நீதான் எல்லாருக்கும் முன்னால ஒழுங்கா இருக்கணும். நான் என்ன கத்தினாலும் தலை தூக்கக்கூடாது, புரியுதா?"

"புரியுது அக்கா!" என்றான் மொச்சை. அக்கா சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நாளாக ஆக, குட்டிகள் உண்மையிலேயே அடங்கிவிட்டன. யாரும் பேசவில்லை. பேசாவிட்டால் பெயர் ஏது? பெயர் இல்லாவிட்டால் பழம் ஏது? துவரி அதற்கும் ஒரு வழி பார்த்தாள். எல்லாரும் கண் மூடி உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று கத்துவாள்.

"ஐயோ பருந்து!"

குட்டிகள் அலறி எழும். பருந்தும் இருக்காது, கிருந்தும் இருக்காது. துவரி கரித்துண்டோடு சிரிப்பாள்.

"சோதனை! தலை தூக்கினவன் பேரெல்லாம் பாறைக்கு!"

முதல் நாள் எல்லாப் பெயரும் பாறைக்குப் போயிற்று. அடுத்த நாள் பாதி. நாலாவது நாள், "பருந்து!" என்று கத்தினாலும் "நரி!" என்று கத்தினாலும் ஒரு காது அசையவில்லை. மொச்சை மட்டும் முதல் நாளிலிருந்தே தலை தூக்கவில்லை. வாத்தியார் ஓட்டைத் தட்டிக்கொண்டு மகிழ்ந்தார்.

"பார்த்தியா துவரி! இதுதான் கட்டுப்பாடு!"

ஒரே ஒருவன்தான் அடங்கவில்லை. நெட்டையன். ஆள்காட்டிக் குருவியின் குஞ்சு. நீண்ட மஞ்சள் கால், ஓயாத வாய். துவரி "பருந்து!" என்று கத்திய ஒவ்வொரு தடவையும் அவன் கழுத்தை நிமிர்த்தி வானத்தைச் சுற்றிப் பார்ப்பான். அப்புறம் சத்தமாகச் சொல்வான்:

"பருந்து இல்லையே! ஏன் அக்கா பொய் சொல்றீங்க? பார்த்ததைப் பார்த்தபடி சொல்லணும்னுதானே ரெண்டாம் பாடம்?"

"உன் பேரு பாறைக்கு! நாலு பெருக்கல் குறி!"

"போட்டுக்கங்க."

"அழிக்கணும்னா ரெண்டு புழு கொண்டா. பெருச்சாளிகிட்ட மாத்திக்கிறேன்."

"தப்பு பண்ணினாத்தானே தரணும்? நான்தான் பண்ணலையே!"

துவரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடக் கேட்டால் குறைத்துப் பேசு. குறைத்துக் கேட்டால் அழுது புலம்பு. அப்படித்தானே பேரம்? இவன் பேரமே வேண்டாம் என்கிறானே! இவனைப் பார்த்து நாளைக்கு அணிலும் வேண்டாம் என்று சொல்லாதா? அன்று முதல் நெட்டையன் பேசினாலும் பேசாவிட்டாலும் அவன் பெயர் பாறையில் இருந்தது. தினமும் வெயிலில் நின்றான். அவனுக்கு முட்டி போடக்கூட வரவில்லை. அந்தக் கால் முட்டி போடுகிற மாதிரி மடங்காது. ஒற்றைக் காலில் நின்றான்.

ஒரு நாள் நிஜமாகவே பருந்து வந்தது. மரத்துக்கு மேலே வட்டமிட்டது. வெயில் பாறையில் நின்ற நெட்டையன்தான் முதலில் பார்த்தான்.

"வருது! வருது! பருந்து வருது!"

அவன் குரல் கேட்டதும் குட்டிகள் யோசிக்கவே இல்லை. சிதறிப் புதருக்குள் பாய்ந்தன. பருந்து வெறுங்காலோடு மேலே ஏறிப் போனது. ஓட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் விழித்தார். வகுப்பு காலி!

"வகுப்பைக் கலைச்சது எவன்?"

"பருந்து வந்துச்சு சார்" என்றது மான்குட்டி.

"எங்க? எனக்குத் தெரியலையே!"

ஓட்டுக்குள் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? அதை யார் கேட்பது?

"நெட்டையா! இன்ஸ்பெக்டர் வர்ற நேரத்துல இப்படிக் கத்துறியா? துவரி, கோரைநார் எடுத்துட்டு வா. இனிமே வகுப்பு முடியிற வரைக்கும் இவன் அலகைக் கட்டி வை!"

துவரி ஒரு நிமிஷம் தயங்கினாள். பருந்தை அவளும் பார்த்திருந்தாள். மொச்சைக்கு மேலேதான் அது இறங்க இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் லீடர் வேலை போகும். வேலை போனால் முதல் தண்ணீர் போகும். அவள் நாரை எடுத்தாள். மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நெட்டையன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மறுநாள் காலை தாய் ஆள்காட்டி பறந்து வந்து வாத்தியார் முன்னால் இறங்கினாள்.

"என்ன வாத்தியாரே! என் பிள்ளை வாயைக் கட்டி வெச்சிருக்கீங்களாமே?"

"உங்க பிள்ளை ஓயாம கத்துறான்மா."

"கத்துறதுதான் எங்க குடும்பத்து வேலை! எங்க பாட்டன் கத்தினான், உங்க பாட்டன் பொழைச்சான். இல்லைன்னா இன்னிக்கு நீங்க வாத்தியாரா உக்காந்து சேத்துக்குக் கனவு கண்டுட்டு இருக்க முடியுமா?"

"மரியாதையாப் பேசுங்க! இது பள்ளிக்கூடம்!"

"பள்ளிக்கூடமா? ஆபத்தைக் கண்டால் ஊரைக் கூப்பிடுன்னு நீங்கதானே நடத்துனீங்க? கூப்பிட்டான். கட்டிப் போட்டுட்டீங்க!"

"பாடம் வேற, பழக்கம் வேற" என்றார் வாத்தியார் அமைதியாக. "பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க. ஆனா பள்ளிக்கூடம் வராத குட்டிக்குத் துறையில தண்ணி கிடையாது. இது பெரியவங்க போட்ட சட்டம்."

தாய்ப்பறவை வற்றிய குளத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவனைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். போகும்போது துவரியிடம் மட்டும் நின்றாள்.

"ஏம்மா, நீயும் தாயில்லாப் பிள்ளைதானே. உங்கம்மா மிதிபட்டப்ப 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு கத்தினது யாருன்னு தெரியுமா? நான்தான். யாரும் கேக்கலை. அது வேற. ஆனா நான் கத்தினேன்."

துவரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இதையெல்லாம் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். குளத்தோரக் கோரைப்புதருக்குள் ஒரு மலைப்பாம்பு கிடந்தது. பட்டினி. தலையைத் தரையில் வைத்தபடி பத்து நாளாக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்டது. என்ன பாடம், என்ன சட்டம், யார் எழுதுவது, எதற்கு அழிப்பது எல்லாம் அதற்கு அத்துப்படி. அந்தப் பள்ளிக்கூடத்தில் முழுசாகப் பாடம் படித்தது பாம்பு ஒன்றுதான்.

"எல்லாம் கண்ணை மூடிட்டிருக்கு. ஒண்ணு கத்தினா இன்னொண்ணு நம்பாது. நம்புற வாயை இவங்களே கட்டிட்டாங்க" என்று அது தனக்குள் சிரித்தது. "இனி எனக்கு என்ன அவசரம்? இன்ஸ்பெக்டர் வர்ற நாள் வரட்டும். அன்னிக்கு மூச்சுக்கூட விட மாட்டாங்க!"

அந்த நாளும் வந்தது.

உச்சிவெயில். குட்டிகள் கையைக் கட்டி, தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாத்தியார் முன்னால் அமர்ந்திருந்தார்.

"துவரி! இன்ஸ்பெக்டர் எந்த நிமிஷமும் வருவார். ஒரு சத்தம் கேட்டுச்சு, உன் முதல் தண்ணி அதோட சரி! ஞாபகம் வெச்சுக்க!"

அவ்வளவுதான். தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

துவரி ஒருத்திதான் கண் திறந்திருந்தாள். அவளும், அலகு கட்டிய நெட்டையனும். அன்று மட்டும் அவனை வெயில் பாறையில் நிறுத்தாமல் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் திடீரென்று காலால் தரையை உதைத்தான். சிறகை அடித்துக்கொண்டான். துவரி முறைத்தாள். விரலை உதட்டில் வைத்தாள். அவன் நிறுத்தவில்லை. அவள் பாறையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவன் மறுபடி உதைத்தான். இன்னொன்று போட்டாள். அவன் குளத்துப் பக்கம் கழுத்தை நீட்டி நீட்டிக் காட்டினான். இன்னொன்று போட்டாள்.

அப்புறம்தான் அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

கோரைப்புதரிலிருந்து மலைப்பாம்பு வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. வெயிலில் அதன் முதுகு எண்ணெய் பூசினாற்போல் மின்னியது.

துவரி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கத்த வேண்டும். கத்தினால் முதல் தண்ணீர் போகும். இன்ஸ்பெக்டர் புதருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால்? மூளை ஒரு பக்கம் இழுத்தது, கால் ஒரு பக்கம் இழுத்தது. இத்தனை நாள் பழகிய கை மட்டும் தன் வேலையைச் செய்தது. பாறையில் எழுதியது: மலைப்பாம்பு.

பாம்பு நகர்ந்தது. அவள் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பாம்பு இன்னும் நகர்ந்தது. இன்னொரு பெருக்கல் குறி. இதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் உண்டா? இப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். இப்படித்தான் அவளும் பழகியிருந்தாள்.

பாம்பு பாறைக்கு அருகில் வந்து தலை தூக்கிப் படித்தது.

"அடடே, என் பேரா? கையெழுத்து முத்து முத்தா இருக்கே!" என்று காற்று மாதிரிக் கிசுகிசுத்தது. "சரி பாப்பா, அழிக்க என்ன கேக்குற?"

பேரம்! துவரிக்குத் திடீரென்று உயிர் வந்தது. இது அவளுக்குத் தெரிந்த இடம். இதில் அவள் தோற்றதே இல்லை.

"என் தம்பியைத் தொடக்கூடாது" என்றாள் மெல்ல.

"அவ்வளவுதானா? சத்தியமாத் தொட மாட்டேன். ஆனா இத்தனை குட்டியில எது உன் தம்பின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

துவரி கையை நீட்டிக் காட்டினாள். "அதோ. முதல் வரிசை. ஓரத்துல."

கிழங்கு வேண்டும் என்று ஒரு நாளும் முகத்தில் காட்டிக்கொள்ளாமலே பெருச்சாளியிடம் கிழங்கு வாங்கியவள் அவள். தன் உயிர் எங்கே இருக்கிறது என்று பாம்புக்குக் கை நீட்டிக் காட்டினாள்.

"நல்லது. பேச்சு பேச்சுதான். அழி."

அவள் அழித்தாள். புறங்கையால் தேய்த்துத் தேய்த்து அழித்தாள்.

பாம்பு நேராக முதல் வரிசைக்குத்தான் போனது. ஓரத்துக்கு.

"ஏய்! பேச்சு என்ன ஆச்சு?"

"பேரை எழுதுறதும் அழிக்கிறதும் உன் இஷ்டம்தானே பாப்பா? பேச்சு மட்டும் ஏன் என் இஷ்டமா இருக்கக்கூடாது?" பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பஞ்சத்துல ஒரு குட்டியையாவது சதைப்பிடிப்பா வளர்த்து வெச்சிருக்கியே. உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"பாம்பு!" துவரி கத்திவிட்டாள். முதல் தண்ணீராவது, மூன்றாம் தண்ணீராவது! "பாம்பு! டேய் மொச்சை! ஓடு! பாம்பு வந்துருச்சு! ஓடுங்கடா எல்லாரும்!"

ஒரு தலை நிமிரவில்லை.

அணில் குட்டி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. மான்குட்டி மூச்சை அடக்கிக்கொண்டது. 'சோதனை' என்று எல்லாரும் நினைத்தார்கள். 'இன்ஸ்பெக்டர் வர்ற நாள். பெரிய சோதனை.'

"நிஜம்டா! சத்தியமா நிஜம்! மொச்சை, அக்கா சொல்றேன்டா, தலையைத் தூக்குடா!"

மொச்சை அசையவில்லை. அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. அக்கா என்ன கத்தினாலும் தலை தூக்கக்கூடாது. லீடர் தம்பிதான் எல்லாருக்கும் முன்னால் ஒழுங்காக இருக்க வேண்டும். கட்டிய கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பாம்பின் உடம்பு நீண்டு கிடந்தது. துவரி வாத்தியாரிடம் ஓடி ஓட்டை அடித்தாள். "சார்! சார்! வெளிய வாங்க!" ஓடு டொக்டொக் என்றது. உள்ளேயிருந்து பதில் இல்லை. அவள் கடைசி வரிசைக்குப் பாய்ந்தாள். நெட்டையன் அலகில் தான் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்தாள். மூன்று சுற்று. நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தாள். ஒரு சுற்று அறுந்தது. இரண்டாவது அறுந்தது.

மூன்றாவது அறுந்ததும் நெட்டையன் கூவினான்.

"வருது! பாம்பு வருது! ஓடு! ஓடு! ஓடு!"

அந்தக் குரல் கேட்ட மறுகணம் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. அணில் மரத்தில் ஏறியது. மான்குட்டி ஒரே தாவில் புதரைத் தாண்டியது. கௌதாரிக் குஞ்சுகள் புல்லுக்குள் மறைந்தன. கண்மூடித் திறப்பதற்குள் ஒருவரும் இல்லை. எல்லாரும் தப்பித்துவிட்டார்கள்.

முதல் வரிசை ஓரத்தில் இருந்தவனைத் தவிர. நெட்டையன் வாய் திறந்தபோது பாம்பு அவனைச் சுற்றி முடித்திருந்தது. மொச்சை கடைசி வரைக்கும் சத்தம் போடவில்லை.

பாம்பு வீங்கிய வயிற்றோடு கோரைப்புதருக்குத் திரும்பியது. போகிற வழியில் பாறைப் பக்கம் ஒரு தடவை தலை தூக்கிப் பார்த்தது. தன் பெயர் சுத்தமாக அழிந்திருந்தது.

வெகுநேரம் கழித்து ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "போயிடுச்சா?"

வாத்தியார் மெல்லத் தலையை வெளியே நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முள்ளம்பன்றி இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். புதருக்கு வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தம் இல்லை. ஒரு முனகல் இல்லை.

"ஆஹா! என்ன அமைதி! இதல்லவா பள்ளிக்கூடம்!" என்று முள் சிலிர்க்க மகிழ்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். காலி வரிசைகள் அவர் கண்ணில் படவில்லை, பாறைதான் பட்டது. பாறையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. நெட்டையன். பக்கத்தில் பெருக்கல் குறிகள்.

"ஒரே ஒரு போக்கிரிதானா? பரவாயில்லையே! முதல் பரிசு உங்களுக்குத்தான் வாத்தியாரே! ஏம்மா, நீதான் லீடரா? கெட்டிக்காரி! எப்படிம்மா இவ்வளவு அமைதியா வெச்சிருக்க?"

உடம்பெல்லாம் முள் உள்ளவர் கேட்டார். உடம்பெல்லாம் ஓடு உள்ளவர் தலையாட்டினார்.

துவரி இருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாறைக்குப் போனாள். நெட்டையன் பெயரைத் தேய்த்து அழித்தாள். இந்தத் தடவை யாரும் எதுவும் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. அழித்த இடத்தில் ஒரு பெயர் எழுதினாள்: துவரி. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். இன்னொன்று போட்டாள். கரித்துண்டு தேய்ந்து விரலில் மாவாய் உதிரும் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கூவுகிற வாயைக் கட்டிவிட்டு அந்த அமைதிக்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்கும் பள்ளிக்கூடம், பாம்புக்குத் தீனிதான் வளர்க்கிறது.